சி மொழியில் டெர்மினலிலிருந்து ஸ்ட்ரிங் வாங்குவது: எங்கே சறுக்கும், ஏன், எப்படிச் சரிசெய்வது

கேள்வி இது: "வயதை ஸ்கேன்எஃப் வைத்து வாங்குகிறேன். அடுத்து எஃப்கெட்ஸ் வைத்துப் பெயரைக் கேட்டால், டைப் செய்ய விடாமலே நிரல் தாண்டிப் போய்விடுகிறது. பெயருக்கும் ஸ்கேன்எஃப் போட்டால் முதல் சொல் மட்டும்தான் வருகிறது. நீளமான பெயர் கொடுத்தால் சில நேரம் நிரலே விழுந்துவிடுகிறது. எதைத்தான் பயன்படுத்துவது?"

எஃப்கெட்ஸ் வைத்து ஒவ்வொரு முறையும் ஒரு முழு வரியை வாங்குங்கள். அந்த வரியில் எண் இருக்கிறதா, பெயர் இருக்கிறதா என்பதை அதன்பிறகு பிரித்துப் பாருங்கள். கீபோர்டிலிருந்து வரும் எதற்கும் ஸ்கேன்எஃப்பை நேரடியாக வைக்காதீர்கள். நீங்கள் சொன்ன மூன்று கோளாறும் இந்த ஒரு மாற்றத்தில் தீர்ந்துவிடும். காரணம் தெரிந்தால்தான் நாலாவது கோளாறு வரும்போது நீங்களே கண்டுபிடிக்க முடியும் என்பதால் விளக்கமாகவே எழுதுகிறேன். (ஃபங்ஷன் பெயர்களை ஒலிப்பில் எழுதியிருக்கிறேன், நிரலில் வழக்கமான எழுத்துகளில் இட்டுக்கொள்ளுங்கள்.)

முதலில் டெர்மினல் என்ன செய்கிறது என்று பாருங்கள். நீங்கள் அடிக்கும் எழுத்து அப்போதே நிரலுக்குப் போவதில்லை. இயங்குதளத்தின் டெர்மினல் டிரைவர் அதைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. பேக்ஸ்பேஸ் அடித்தால் அழிப்பதும் அதுதான். என்டர் தட்டிய பிறகே முழு வரியும், கடைசியில் ஒரு நியூலைன் எழுத்தோடு, நிரலுக்குக் கிடைக்கும். அந்த வரி அடுத்ததாக சி நூலகம் எஸ்டிடிஇன்னுக்கென்று (நிரலின் வழக்கமான உள்ளீட்டு வழி) வைத்திருக்கும் பஃபருக்குள், அதாவது தற்காலிகச் சேமிப்பிடத்துக்குள், வந்து விழுகிறது. ஸ்கேன்எஃப், எஃப்கெட்ஸ், ஒரு நேரத்தில் ஓர் எழுத்து எடுக்கும் கெட்சார் மூன்றும் எடுப்பது இந்த ஒரே பஃபரிலிருந்துதான். ஒருவர் மிச்சம் வைத்ததை அடுத்தவர் எடுத்துக்கொள்வார்.

வயதுக்கு 25 என்று அடித்து என்டர் தட்டினால் பஃபரில் மூன்று பைட் இருக்கும்: 2, 5, நியூலைன். ஸ்கேன்எஃப்பின் %டி 2-ஐயும் 5-ஐயும் எடுக்கிறது. நியூலைன் இலக்கம் இல்லை என்று பார்த்ததும் அதைத் தொடாமல் விட்டுவிடுகிறது. அடுத்து வரும் எஃப்கெட்ஸுக்கு முதலில் கண்ணில் படுவது அந்த நியூலைன்தான். வரி முடிந்துவிட்டது, ஆனால் காலி வரி என்று எடுத்துக்கொண்டு உடனே திரும்புகிறது. நிரல் எதையும் தாண்டவில்லை. வயது இருந்த வரியின் வாலைப் பெயராகப் படித்துவிட்டது, அவ்வளவுதான்.

வயதுக்குப் பின் %எஸ் போட்டால் மட்டும் ஒழுங்காக வருகிறதே என்று தோன்றும். %எஸ், %டி, %எஃப் போன்றவை முன்னால் இருக்கும் இடைவெளி, டேப், நியூலைன் எல்லாவற்றையும் தாண்டிவிட்டுத்தான் படிக்கத் தொடங்கும். %சி-யும் சதுர அடைப்புக்குறி வடிவமும் அப்படித் தாண்டாது. %சி-க்கு முன் ஓர் இடைவெளி விட்டு எழுதச் சொல்வது இதனால்தான்: ஃபார்மட் ஸ்ட்ரிங்கில் உள்ள ஓர் இடைவெளிக்கு "எத்தனை வெற்று எழுத்து இருந்தாலும் விழுங்கு" என்று பொருள்.

இந்த மிச்ச நியூலைனைத் தொலைக்க எஃப்ஃப்ளஷ்(எஸ்டிடிஇன்) போடச் சொல்லும் அறிவுரை பல இடங்களில் உலவுகிறது. அதைக் கேட்காதீர்கள். சி தரநிலையில் எஃப்ஃப்ளஷ் வெளியீட்டுக்கு மட்டுமே வரையறுக்கப்பட்டது. உள்ளீட்டு ஸ்ட்ரீமில் அழைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. ஒரு கம்பைலரில் வேலை செய்வதுபோல் தெரிந்து, வேறொன்றில் சும்மா இருந்துவிடும்.

இனி %எஸ்ஸின் சொந்தக் குறைகள். வெற்று எழுத்து வந்ததும் அது நின்றுவிடும். இரண்டு சொல் பெயரில் முதல் சொல் மட்டும் கிடைப்பது அதனால்தான். அதைவிட மோசம், உங்கள் அர்ரே எவ்வளவு பெரியது என்று அதற்குத் தெரியவே தெரியாது. 20 பைட் அர்ரேக்கு 50 எழுத்து அடித்தால் 50-ஐயும் எழுதி, கடைசியில் நல் எழுத்தையும் (ஸ்ட்ரிங்கின் முடிவைக் காட்டும், மதிப்பு 0 உள்ள பைட்) வைத்துவிடும். அர்ரேக்குப் பக்கத்தில் மெமரியில் என்ன இருந்ததோ அது அழிந்துபோகும்: இன்னொரு மாறியாக இருக்கலாம், ஃபங்ஷன் திரும்பிப் போகவேண்டிய முகவரியாகவும் இருக்கலாம். நிரல் "சில நேரம்" மட்டும் விழுவது இதனால்தான். விழாத நேரத்திலும் தவறு நடந்துகொண்டுதான் இருக்கிறது.

ஸ்கேன்எஃப்பை விட முடியாத நிலை என்றால் அகலத்தைக் குறிப்பிட்டே ஆகவேண்டும். 20 பைட் அர்ரேக்கு %19எஸ். இருபதாவது பைட் நல் எழுத்துக்கு. பிரிண்ட்எஃப்பில் அகலத்துக்கு நட்சத்திரக்குறி போட்டு மாறியைக் கொடுப்பதுபோல் இங்கே செய்ய முடியாது. ஸ்கேன்எஃப்பில் நட்சத்திரம் வந்தால் "படி, ஆனால் எங்கும் சேமிக்காதே" என்று அர்த்தம். எனவே அர்ரே அளவை மாற்றும்போதெல்லாம் ஃபார்மட்டிலுள்ள எண்ணையும் கையால் மாற்றவேண்டும். ஒருநாள் அது மறந்துபோகும்.

இடைவெளியோடு முழு வரி வேண்டும் என்று %79[^\என்] (நியூலைன் வரும்வரை, 79 எழுத்துக்கு மேல் போகாமல் படி) எழுதுவோர் உண்டு. யாராவது வெறும் என்டர் மட்டும் தட்டினால் அது ஓர் எழுத்தையும் எடுக்காமல் 0 என்று திரும்பும். அர்ரேயில் பழைய குப்பை அப்படியே இருக்கும். நியூலைனும் பஃபரிலேயே இருக்கும். லூப்புக்குள் இருந்தால் நிற்காத சுழற்சி. முன்னால் ஓர் இடைவெளி சேர்த்தால் சுழற்சி போகும், ஆனால் பயனர் வேண்டுமென்றே காலி வரி கொடுக்கும் வாய்ப்பும் போய்விடும். %டி கேட்ட இடத்தில் எழுத்தை அடித்தாலும் இதே சுழற்சிதான்: பொருந்தாத எழுத்து பஃபரைவிட்டு நகர்வதே இல்லை.

ஒரு வரியை வாங்கும் பழைய ஃபங்ஷனான கெட்ஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அளவைக் கேட்டு வாங்கும் ஆர்க்யுமென்ட்டே அதற்குக் கிடையாது. அதனால் எந்தக் கவனமும் அதைப் பாதுகாப்பாக்காது. 1988 நவம்பரில் இணையத்தில் பரவிய மாரிஸ் புழு நுழைந்த வழிகளில் ஒன்று, ஃபிங்கர் சேவை நிரலில் கெட்ஸ் நிரப்பிய 512 பைட் பஃபர். அதற்கு 536 பைட் அனுப்பி உள்ளே புகுந்தது. 2011-இல் வந்த சி11 தரநிலை கெட்ஸை அடியோடு நீக்கிவிட்டது. பழைய பாடநூலில் அது இருந்தால் அந்த வரியை மாற்றிவிட்டே மேலே படியுங்கள்.

எஃப்கெட்ஸ் மூன்று ஆர்க்யுமென்ட் கேட்கும்: அர்ரே, அதன் அளவு, ஸ்ட்ரீம். அளவு 64 என்றால் அதிகபட்சம் 63 பைட் படித்து ஒரு நல் வைக்கும். அகலத்துக்குச் செய்ததுபோல் நீங்கள் ஒன்றைக் கழிக்க வேண்டாம். நியூலைன் வந்ததும் நின்றுவிடும், அதையும் அர்ரேயில் சேர்த்தே தரும். ஓர் எழுத்துகூடப் படிக்காமல் உள்ளீடு முடிந்தாலோ பிழை வந்தாலோ நல் பாயிண்டரைத் திருப்பும். அந்த மதிப்பைச் சோதிக்காமல் அர்ரேயைத் தொடக்கூடாது.

அளவுக்கு சைஸ்ஆஃப் (எத்தனை பைட் என்று சொல்வது) போடுவது நல்ல பழக்கம், ஆனால் அர்ரே அறிவிக்கப்பட்ட இடத்தில் மட்டும். அதே அர்ரேயை வேறொரு ஃபங்ஷனுக்கு அனுப்பினால் அங்கே போவது பாயிண்டர்தான். அங்கே சைஸ்ஆஃப் கேட்டால் 64-பிட் கணினியில் பொதுவாக 8 என்று வரும். பெயரின் முதல் 7 பைட் மட்டும் கிடைத்து மீதி அடுத்த வாசிப்பில் வந்து குழப்பும். அளவைத் தனி ஆர்க்யுமென்ட்டாகவே அனுப்புங்கள். எங்கும் காட்டாத வெறும் சார் பாயிண்டரையோ, மேற்கோளுக்குள் எழுதிய மாறிலி ஸ்ட்ரிங்கைக் காட்டும் பாயிண்டரையோ எஃப்கெட்ஸிடம் கொடுத்தாலும் நிரல் விழும்: முதலாவதற்கு எழுத இடமே இல்லை, இரண்டாவது இடம் எழுதக்கூடாத இடம்.

வால் நியூலைனை நீக்குவதில்தான் நிறையப் பேர் தடுக்குகிறார்கள். நீக்காமல், இரு ஸ்ட்ரிங்கை ஒப்பிடும் எஸ்டிஆர்சிஎம்பி வைத்துப் பார்த்தால் "ஆம்" என்று அடித்தாலும் "ஆம்" ஆகாது. எஸ்டிஆர்லென் வைத்து நீளம் கண்டு, அதில் ஒன்றைக் கழித்து, அந்த இடத்தில் நல் வைக்கும் முறையில் இரண்டு ஓட்டை. கோப்பைத் திருப்பிவிட்டு (கீபோர்டுக்குப் பதில் கோப்பிலிருந்து) உள்ளீடு கொடுக்கும்போது கடைசி வரியில் நியூலைன் இல்லாமல் இருக்கலாம். அப்போது உண்மையான கடைசி எழுத்து பறிபோகும். முதல் பைட்டே நல் எழுத்தாக இருந்தால் நீளம் 0. அதில் ஒன்றைக் கழித்தால் அர்ரேக்கு வெளியே எழுதிவிடுவீர்கள். இதற்கு எஸ்டிஆர்சிஎஸ்பிஎன் பொருத்தம்: குறிப்பிட்ட எழுத்துகள் எதுவும் வராத முன்பகுதியின் நீளத்தை அது தரும். வரி[எஸ்டிஆர்சிஎஸ்பிஎன்(வரி, "\ஆர்\என்")] = 0 என்று எழுதினால் நியூலைன் இருந்தால் வெட்டும், இல்லாவிட்டால் ஏற்கெனவே உள்ள நல்லின் மேலேயே நல்லை வைக்கும். \ஆர் சேர்த்திருப்பது விண்டோஸில் உருவான கோப்பை லினக்ஸில் படிக்கும்போது வரும் கேரியேஜ் ரிட்டர்னுக்காக.

பயனர் அர்ரேயைவிட நீளமான வரியைக் கொடுத்தால் எஃப்கெட்ஸ் மெமரியைக் கெடுக்காது; ஆனால் மிச்சம் பஃபரில் தங்கி, அடுத்த கேள்விக்குப் பதிலாகப் போய்விடும். இதைக் கவனிக்காத நிரல் பாதி முடிந்த நிரல். வெட்டுவதற்கு முன்பே, ஓர் எழுத்தைத் தேடும் எஸ்டிஆர்சிஎச்ஆர் வைத்து அர்ரேயில் நியூலைன் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நியூலைனோ ஈஓஎஃப்போ (உள்ளீடு முடிந்தது என்ற குறி) வரும்வரை கெட்சார் வைத்து வடித்துவிடுங்கள். 64 பைட் அர்ரேக்குச் சரியாக 63 பைட் அடித்து என்டர் தட்டியவரும் இந்தக் கிளைக்குள்தான் வருவார், ஆனால் அவருடைய உள்ளீட்டில் எதுவும் இழக்கப்படவில்லை. அதனால் வடிக்கும்போது நியூலைன் தவிர ஓர் எழுத்தாவது வந்ததா என்று குறித்துக்கொண்டு, வந்திருந்தால் மட்டும் "வரி மிக நீளம்" என்று சொல்லி மறுபடி கேளுங்கள். பெயரைச் சத்தமில்லாமல் பாதியில் வெட்டிச் சேமிப்பதைவிட மறுபடி கேட்பது நல்லது.

இவை எல்லாவற்றையும் ஒரே ஃபங்ஷனில் வைத்துவிடுங்கள். இடம், அளவு இரண்டையும் வாங்கி, முழு வரி கிடைத்தால் 1, நீளம் மீறினால் 0, உள்ளீடு முடிந்தால் -1 என்று திருப்பட்டும். பதினைந்து வரிக்குள் அடங்கும். அதன்பின் நிரல் முழுக்க எஸ்டிடிஇன்னைத் தொடுவது அந்த ஒரு ஃபங்ஷன் மட்டுமே.

வயதையும் அதன் வழியே ஒரு வரியாக வாங்கி, எஸ்டிஆர்டிஓஎல் வைத்து எண்ணாக்குங்கள். அழைக்கும் முன், பிழை எண் வைக்கப்படும் எர்நோ என்ற மாறியை 0 ஆக்கவேண்டும். திரும்பி வந்ததும், எண் எங்கே முடிந்தது என்று காட்டும் முடிவுப் பாயிண்டர் தொடக்கத்திலேயே நின்றால் எண்ணே இல்லை. எண்ணுக்குப் பின் நல் அல்லாத ஏதாவது இருந்தால் "25அ" போன்ற உள்ளீடு. எர்நோ இஆர்ஏஎன்ஜிஈ (வரம்பு மீறல்) ஆனால் எண் லாங் வகைக்குள் அடங்கவில்லை. எண்ணாக்கப் பலர் போடும் ஏடிஓஐ இந்த மூன்றையும் சொல்லாது. தப்பான உள்ளீட்டுக்கும் பயனர் அடித்த உண்மையான 0-க்கும் அதில் வித்தியாசமே தெரியாது. ஒரே வரியில் பல மதிப்பு இருந்தால், கையிலுள்ள ஸ்ட்ரிங்கிலிருந்து படிக்கும் எஸ்ஸ்கேன்எஃப் போதும். ஸ்கேன்எஃப்பின் பெரிய ஆபத்து பஃபர் மிச்சம். இங்கே அது இல்லை, வரி ஏற்கெனவே உங்கள் கையில். அகலக் கட்டுப்பாடு மட்டும் இங்கும் வேண்டும்.

வரி எவ்வளவு நீளம் வரும் என்றே தெரியாவிட்டால் கெட்லைன் இருக்கிறது. இது சி தரநிலையில் இல்லை. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான தரநிலையான போசிக்ஸின் 2008-ஆம் ஆண்டுப் பதிப்பில் உண்டு. பாயிண்டரை நல் என்றும் கொள்ளளவை 0 என்றும் தொடங்கி, இரண்டின் முகவரியையும் கொடுத்தால் தேவைக்கேற்ப அதுவே மெமரியை வளர்த்துக்கொள்ளும். படித்த பைட் எண்ணிக்கையைத் திருப்பும், முடிந்தால் -1. ஒரே பாயிண்டரை லூப் முழுக்க வைத்துக்கொண்டு கடைசியில் ஒருமுறை ஃப்ரீ செய்யவேண்டும், -1 வந்திருந்தாலும்கூட. கண்டிப்பான சி11 முறையில் கம்பைல் செய்தால், ஹெடர்களுக்கு முன்பே போசிக்ஸ் மேக்ரோவை 200809எல் என்று வரையறுக்காதவரை கெட்லைன் அறிமுகமில்லாத பெயர். ஜிசிசி கம்பைலரின் 14-ஆம் பதிப்பு முதல் அது எச்சரிக்கையோடு நிற்காமல் பிழையாகவே வரும். மைக்ரோசாஃப்ட் சி நூலகத்தில் இந்த ஃபங்ஷன் கிடையாது. வரம்பே இல்லாமல் மெமரி எடுக்கும் என்பதையும் மறக்கவேண்டாம்: முடிவில்லாமல் 0 பைட்டுகளையே தரும் /டெவ்/ஜீரோவைத் திருப்பிவிட்டால் நியூலைன் வரவே வராது.

லினக்ஸில் கெட்லைன் போட்டும் ஒட்டிய நீளமான உரை வெட்டுப்படுகிறது என்றால் உங்கள் நிரலில் தேடாதீர்கள். மேலே சொன்ன, என்டர் வரை காத்திருக்கும் முறையில் டெர்மினல் டிரைவரே ஒரு வரிக்கு, நியூலைனையும் சேர்த்து, 4096 எழுத்துதான் வைத்துக்கொள்ளும். மீறியதை நிரலுக்குத் தராமலே எறிந்துவிடும். கோப்பில் வைத்துத் திருப்பிவிட்டால் இந்த வரம்பு கிடையாது.

எழுத்தெழுத்தாகப் படிப்பவர்கள் கெட்சார் தருவதை இன்ட் மாறியில்தான் வாங்கவேண்டும். 256 பைட் மதிப்புகளோடு ஈஓஎஃப் என்ற இன்னொன்றையும் அது தெரிவிக்கவேண்டியிருக்கிறது. சார் வகைக்குள் அது அடங்காது. சார் குறியுள்ளதாக (எதிர்ம எண்ணும் கொள்வதாக) இருக்கும் இன்டெல் கணினிகளில் 255 என்ற பைட் வந்தால் உள்ளீடு முடிந்ததாக நினைத்துவிடும். சார் குறியற்றதாக இருக்கும் ஆர்ம் லினக்ஸில் ஈஓஎஃப்போடு ஒருபோதும் பொருந்தாது, லூப் ஓயாது. யூடிஎஃப்-8 (எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் வழக்கமான முறை) உரையில் 255 வரவே வராது என்பதால் இந்தத் தவறு ஒரு கணினியில் நெடுங்காலம் மறைந்தே கிடக்கும்.

லூப்பின் நிபந்தனையில் எஃப்ஈஓஎஃப்பை (உள்ளீடு முடிந்தது என்ற கொடி எழுந்ததா என்று சொல்வது) வைப்பதும் அதே அளவுக்குப் பரவிய தவறு. படிக்க முயன்று தோற்ற பிறகுதான் அந்தக் கொடி எழும். அதனால் கடைசி வரி இரண்டு முறை வேலை செய்யப்படும். லூப்பின் நிபந்தனை எஃப்கெட்ஸ் திருப்பும் மதிப்பாகவே இருக்கட்டும்.

கீபோர்டில் உள்ளீட்டை முடிக்க லினக்ஸிலும் மேக்கிலும் புதிய வரியின் தொடக்கத்தில் கன்ட்ரோல்-டி, விண்டோஸில் கன்ட்ரோல்-இசட் அடித்து என்டர். வரியின் நடுவில் கன்ட்ரோல்-டி அடித்தால் அதுவரை அடித்ததை மட்டும் அனுப்பும். முடிக்க இன்னொரு முறை அடிக்கவேண்டும். அதற்குப் பிறகும் நிரல் தொடர்ந்து கேட்கவேண்டும் என்றால் கிளியர்எர் அழைத்துக் கொடியை இறக்குங்கள். லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சியில் 2.28 பதிப்பு முதல் அந்தக் கொடியை இறக்காதவரை எதுவும் படிக்காது.

"பெயர்:" என்ற கேள்வி திரையில் தெரியாமலே நிரல் காத்திருந்தால், பிரிண்ட்எஃப்புக்குப் பின் எஃப்ஃப்ளஷ்(எஸ்டிடிஅவுட்) போடுங்கள். இது வெளியீடு, இங்கே எஃப்ஃப்ளஷ் முழுக்கச் சரி. ஐடிஇ-க்குள் (நிரல் எழுதி ஓட்டும் மென்பொருள்) ஓடும்போது வெளியீடு டெர்மினலுக்குப் போகாமல் பைப்புக்கு (இன்னொரு நிரலுக்குப் போகும் குழாய்) போவதுண்டு. அப்போது வெளியீட்டு பஃபர் நிறையும்வரை எதுவும் வெளிவராது.

தமிழில் பெயர் வாங்குவோர் கவனிக்கவேண்டியவை தனியாக உண்டு. யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். "தமிழ்" என்பது கண்ணுக்கு மூன்று எழுத்து; உள்ளே த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடு; எஸ்டிஆர்லென் 15 என்று சொல்லும். நியூலைன், நல் சேர்த்தால் 17 பைட் தேவை. 20 பைட் அர்ரே ஆங்கிலப் பெயருக்குப் போதுமாகத் தெரியும். தமிழில் ஆறு குறியீட்டோடு முடிந்துவிடும். பெயருக்கு 256 பைட்டாவது வையுங்கள்.

எஃப்கெட்ஸ் பைட்டைத்தான் எண்ணுகிறது. நீளம் மீறினால் ஒரு குறியீட்டின் நடுவிலேயே வெட்டிவிடும், திரையில் கேள்விக்குறிக் கட்டம் வரும். வெட்டியே ஆகவேண்டும் என்றால் கடைசியிலிருந்து பின்னோக்கிப் போங்கள். மேல் இரண்டு பிட் 10 ஆக உள்ள பைட் எல்லாம் தொடர்ச்சி. அப்படி இல்லாத முதல் பைட்டே தலைப் பைட். தமிழுக்கு அது எப்போதும் 224. அதற்குப் பின் இரண்டு பைட் முழுதாக இல்லையென்றால் தலைப் பைட்டின் இடத்திலேயே நல் வைத்துவிடலாம். ஒப்பிடும்போது அன்சைன்ட் சாராக மாற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் 224 என்பது -32 ஆகி ஒப்பீடு பொய்க்கும். இஸ்ஸ்பேஸ், இஸ்ஆல்ஃபா போன்றவற்றுக்கும் அதே மாற்றம் கட்டாயம், எதிர்ம எண் போனால் அவற்றின் விளைவு வரையறுக்கப்படாதது.

லினக்ஸில் பேக்ஸ்பேஸ் அடித்தபின் பெயரில் உடைந்த பைட் மிஞ்சினால், டெர்மினல் அமைப்புகளைக் காட்டும் எஸ்டிடிஒய் கட்டளையில் ஐயூடிஎஃப்8 அமைப்பு இயங்குகிறதா பாருங்கள். அது இல்லாமல் டிரைவர் ஒரு பைட்டை மட்டும் அழிக்கும். இருந்தாலும் ஒரு தட்டலுக்கு ஒரு குறியீடுதான் போகும். "மி" முழுதாகப் போக இரண்டு தட்டல் வேண்டும். விண்டோஸ் கன்சோலில் கோட்பேஜை (எழுத்துக் குறியாக்க எண்) யூடிஎஃப்-8-க்கான 65001 ஆக்கிவிட்டு எஃப்கெட்ஸ் வைத்துத் தமிழைப் படித்தால், பல பதிப்புகளில் எழுத்துக்குப் பதில் நல் பைட்டுகளே வந்து சேரும். அங்கே ரீட்கன்சோல்டபிள்யூ வைத்து யூடிஎஃப்-16 ஆகப் படித்து, வைட்சார்டுமல்டிபைட் வைத்து யூடிஎஃப்-8 ஆக மாற்றிக்கொள்வதே நம்பகமான வழி. ஆனால் உள்ளீடு கோப்பிலிருந்தோ பைப்பிலிருந்தோ வரும்போது ரீட்கன்சோல்டபிள்யூ தோற்றுவிடும். தோற்றால் எஃப்கெட்ஸுக்குத் திரும்பும் கிளை ஒன்றையும் அதே வரி வாங்கும் ஃபங்ஷனுக்குள் எழுதிவிடுங்கள்.